தக்காளித் தோட்டத்துக்குப் போன சைக்கிள்

ஊரில் 'சைக்கிள்காரங்க' என்பது ஒரு வசவாகவே மாறிப்போன பிறகுதான் லாவண்யா சைக்கிள் வாங்கினாள். அவள் நேரம் அப்படி.

அவளுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கணவன் பூபதிக்குக் கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை கிடைத்ததால் இந்த ஊருக்கு வந்தார்கள். பண்ணையை ஒட்டியே வீடு. அவளுக்கு ஓசூரில் செல்போனுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் கெலமங்கலம் வரைதான் வரும். டவுன் பஸ்ஸை நம்பினால் ஷிப்டுக்குப் பிந்தும். ஷேர் ஆட்டோக்காரர் ஆள் நிறையாமல் வண்டியை எடுக்க மாட்டார். பூபதியோ விடிவதற்கு முன்பே பூ வெட்டப் போய்விடுவான். யோசித்துப் பார்த்து, யாரோ ஓட்டிக் கழித்த பச்சை நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள். யாருடைய தயவும் இல்லாமல் வேலைக்குப் போய் வருவது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஊருக்குத்தான் அது பிடிக்கவில்லை. காரணம் அவளல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் கர்நாடக எல்லையைத் தாண்டி ஒரு கும்பல் சைக்கிளில் வரும். உடம்பை ஒட்டிய சட்டை, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. காற்று மாதிரி வருவார்கள். மூன்று பேர் நான்கு பேராக ரோட்டை அடைத்துக்கொண்டு, எதிரே மாடு வந்தாலும் மனிதர் வந்தாலும் "சைடு, சைடு" என்று கத்துவார்கள். தாளடிக்க ரோட்டில் பரப்பியிருந்த கேழ்வரகுக் கதிரைப் பார்த்து, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். வாழைப்பழத் தோலும் தெம்புக்காக உறிஞ்சுகிற ஜெல்லின் பிளாஸ்டிக் உறையும் ஊர்க் குழாயடியில் கிடக்கும். கடைசியாக, சொசைட்டிக்குப் பால் எடுத்துப்போன நாராயணம்மாவின் தோளில் உரசிக்கொண்டு போனான் ஒருவன். கேன் கவிழ்ந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நாராயணம்மா எந்தச் சைக்கிளைக் கண்டாலும் காறித் துப்பினார். டீக்கடையில் சைக்கிளோடு வந்தால் டீ இல்லை. லாவண்யாவின் சைக்கிளில் இரண்டு முறை யாரோ காற்றைப் பிடுங்கி விட்டிருந்தார்கள்.

"நான் வேலைக்குப் போறவ அக்கா. அவங்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று மாதேஸ்வரனின் மனைவி ருக்மணியிடம் ஒருநாள் கேட்டாள். தக்காளித் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம் அவர்களுடையது.

"எனக்குத் தெரியுதும்மா," என்றாள் ருக்மணி. "ஆனா எரிச்சல்ல இருக்கறவன் சக்கரத்தத்தான் பார்ப்பான், மேல குந்தியிருக்கறது யாருன்னு எங்க பார்ப்பான்?"

கேழ்வரகு முற்றுகிற மாதங்களில் யானைகள் வரும். கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு, விடியும்போது ரோட்டைக் கடந்து மேற்குப் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடும். ஊருக்கு இது பழகிப்போன ஒன்று. வனத்துறைக் காவலர் திம்மராயன் ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்துவார். எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாமல், விளக்கில்லாமல் எல்லோரும் காத்திருக்க வேண்டும். யானைகள் அவை பாட்டுக்குப் போய்விடும். யாருக்கும் சேதமில்லை.

அப்படியொரு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை லாவண்யாவுக்கு ஓவர்டைம் இருந்தது. பனி இறங்கிக் கிடந்த காலை. தைலமரத் தோப்பருகே வரும்போது, திம்மராயன் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார். அங்கே ஏற்கனவே ஒரு பால் வண்டியும் ஒரு மினி லாரியும் இரண்டு பைக்குகளும் நின்றன. மாதேஸ்வரனும் இருந்தார். யானை விரட்டுகிற ஊர்க்குழுவில் அவர் ஒருவர். போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடப்பார்.

"தோப்புக்குள்ள நிக்குது," என்று கிசுகிசுத்தார் திம்மராயன். "ரெண்டு தாண்டிடுச்சு. குட்டிங்களோட மத்தது வரணும்."

லாவண்யா இறங்கி நின்றாள். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நெற்றி மெல்ல வெளியே வந்தது. காதுகள் அசைந்தன. காலடியில் ஒரு குட்டி. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள். முன்னால் வந்தவனின் சைக்கிளில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. திம்மராயன் ஓடிப்போய் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"பாட்ட நிறுத்துங்க சார். யானை கடக்குது."

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்றான் அவன். அவன் பெயர் கௌதம் என்பது பிறகு தெரிந்தது. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். "எங்களுக்கு டைமிங் ஓடிட்டிருக்கு. நின்னா ரெக்கார்ட் போயிடும்."

"பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ, அதுங்க இஷ்டம் சார்."

"கௌதம், நிக்கலாம்டா. பிளீஸ்," என்றான் பின்னால் வந்தவர்களில் ஒருவன்.

"அதான் ரோட்டுல ஒண்ணுமே இல்லையே. கம் ஆன், கம் ஆன்!"

கௌதம் பெடலை அழுத்தினான். திம்மராயன் பிடிக்கப் பார்த்த கைக்கு அவன் சிக்கவில்லை. ஒருவன் போனதும் மற்றவர்களும் போனார்கள். பாட்டும், விசிலும், மினுக்கி மினுக்கி எரிந்த சிவப்பு விளக்குகளும் பனியைக் கிழித்துக்கொண்டு யானையின் முகத்துக்கு நேராகவே கடந்தன.

தோப்பிலிருந்து ஒரு பிளிறல் வந்தது. நெற்றி மறைந்தது. மரம் முறிகிற சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. எல்லாம் கிழக்கே, தோப்புக்குள் திரும்பிப் போகிற சத்தம்.

"ஐயோ!" என்றார் மாதேஸ்வரன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "அங்க நம்ம தோட்டம். ருக்மணி, நாராயணம்மா எல்லாரும் தக்காளி பறிச்சினு இருக்காங்க."

போனை எடுத்தார். ஒரு முறை அடித்ததுமே திம்மராயன் அதைப் பிடுங்கி அணைத்தார். "வேணாம். அங்க போன் அடிக்கற சத்தம் கேட்டா நேரா அங்கியே போவும்."

"அப்ப பைக்க எடு!"

"மிரண்டு போன யானைண்ணா. எஞ்சின் சத்தம் கேட்டா திரும்பித் தொரத்தும். பட்டாசும் இப்ப போடக்கூடாது, அவங்க இருக்கற பக்கமே வெரட்டி வுட்ட மாதிரி ஆயிடும்."

மாதேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். பார்வை லாவண்யாவின் சைக்கிளில் வந்து நின்றது. அத்தனை கோபமும் அதன் மேல் இறங்கியது.

"நாசமாப் போற சைக்கிளு! இதனாலதான எல்லாம்! கொண்டு போய் ஏரியில போடும்மா அத!"

லாவண்யாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அதே நேரம் அவளுக்கு ஒன்று தோன்றியது. மாதேஸ்வரனால் அந்தக் காலோடு வேகமாக நடக்க முடியாது. திம்மராயன் இந்த இடத்தை விட்டு நகர முடியாது. பால்காரருக்கும் லாரிக்காரருக்கும் பைக்கில் வந்தவர்களுக்கும் தோட்டத்துக்கு வழி தெரியாது. தோப்பைச் சுற்றிப் போகிற வண்டித்தடம் அவள் வீட்டுப் பின்புறமாகத்தான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு போவாள். அவளிடம் இருப்பது சத்தம் போடாத வண்டி.

"நான் போறேன்ணே," என்றாள்.

"நீயா?"

"சுத்துத் தடத்துல போனா தோப்புக்குள்ள போக வேண்டாம்ல. சைக்கிள் சத்தம் கேக்காது. அவுகள எங்க கொண்டு போகணும், அதச் சொல்லுங்க."

திம்மராயன் அவளை ஒரு கணம் பார்த்தார். "மோட்டார் ரூம் மாடிக்கு. கான்கிரீட்டு, படி இருக்குது. போற வழியில யானையப் பார்த்தா நின்னுடும்மா. ஓடாத, திரும்பாத. காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது, வாசன போவாது."

கேரியரில் இருந்த சாப்பாட்டுப் பை கடகடக்கும் என்று அதை எடுத்து மாதேஸ்வரன் கையில் கொடுத்தாள். போனை அணைத்தாள். ஏறி மிதித்தாள்.

கும்பலில் "நிக்கலாம்டா" என்று சொன்ன பையன் மட்டும் போகாமல் ரோட்டோரம் நின்றிருந்தான். "நான் என்ன செய்யணும் சார்?" என்று அவன் திம்மராயனிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. அதற்குள் தடத்தில் இறங்கிவிட்டாள்.

மேடும் பள்ளமுமான தடம். ஒவ்வொரு குலுங்கலுக்கும் பெல் கிணுங்கப் பார்த்தது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இடது கைப்பக்கம் தோப்பு. உள்ளே கிளைகள் ஒடிந்துகொண்டே வந்தன, அவளுக்கு இணையாக. ஈரச் சாணமும் தைல இலையும் கலந்த வாசனை. பனியில் தடம் சிறிது தூரம்தான் தெரிந்தது.

வளைவு திரும்பியதும் எதிரே நடுத்தடத்தில் ஒரு யானையின் பின்புறம்.

பிரேக்கைப் பிடித்தாள். நல்லவேளை, அது கிறீச்சிடவில்லை. ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றாள். யானையின் வால் இப்படியும் அப்படியும் ஆடியது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. நேராக அவளைத்தான் பார்த்தது. கத்திவிடாதே சாமி, கத்திவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். இருக்கங்குடி மாரியம்மனைக் கூப்பிட்டாள். பூபதியை நினைத்தாள். குட்டி தும்பிக்கையை ஒருமுறை சுழற்றிவிட்டு அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் தோப்புக்குள் இறங்கின. புதர் மூடிக்கொண்டது.

அவள் பெடலில் காலை வைத்தாள். மறுபடியும் மிதித்தாள்.

தோட்டத்தில் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். வரப்பில் சைக்கிளோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் நாராயணம்மா நிமிர்ந்தார்.

"ஏமே, இங்கியும் சைக்கிளா? செடிய மிதிக்கவா வந்த?"

லாவண்யா உதட்டில் விரல் வைத்தாள். தோப்பைக் காட்டினாள். பேச வாயெடுத்தால் மூச்சுத்தான் வந்தது. நாராயணம்மாவின் முகம் மாறியது.

"ஏனுகுலா?" யானைகளா என்று தெலுங்கில் கிசுகிசுத்தார்.

லாவண்யா தலையசைத்தாள். "குட்டிகளோட வருது. மோட்டார் ரூம் மாடிக்குப் போகணும். பேசாம, ஓடாம. அண்ணன் சொல்லிவிட்டாக."

ருக்மணிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையசைத்து எல்லோரையும் கூட்டினாள். கூடைகளை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக நடந்தார்கள். நாராயணம்மா மட்டும் பின்தங்கினார். அவருக்கு மூட்டுவலி. பாத்தியில் நான்கு எட்டு வைப்பதற்குள் நின்றுவிட்டார்.

"நீங்க போங்கம்மே. நான் மெல்ல வரேன்."

தோப்பின் ஓரத்தில் மரங்கள் ஆடத் தொடங்கியிருந்தன.

"ஏறுங்கம்மா," என்றாள் லாவண்யா, கேரியரைக் காட்டி.

"இது மேலயா? நானா?"

"அம்மா, உங்க காலப் புடிச்சுக் கேக்கேன். ஏறுங்க."

நாராயணம்மா ஏறினார். ஏறியதும் லாவண்யாவின் இடுப்பை அவர் பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. வரப்பு குறுகல். ஓட்ட முடியாதபோது இறங்கித் தள்ளினாள். ருக்மணி திரும்பி வந்து பின்னாலிருந்து தள்ளினாள். கிழவி முதுகுக்குப் பின்னால் "வெங்கடரமணா, வெங்கடரமணா" என்று முனகிக்கொண்டே வந்தார். படியருகே இறக்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு லாவண்யா கடைசியாக ஏறினாள்.

மாடியில் எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். யாரோ யாருடைய கையையோ பிடித்திருந்தார்கள்.

கூட்டம் தோட்டத்துக்குள் வந்தது. முதலில் பெரியது, பின்னால் மற்றவை, நடுவே குட்டிகள். செடிகளுக்கு ஊன்றியிருந்த குச்சிகள் சரிந்தன. கூடைகள் நசுங்கின. ஒரு யானை பறித்து வைத்த தக்காளியை வாரி வாயில் போட்டுக்கொண்டது. இன்னொன்று மோட்டார் ரூமுக்கு வந்து சைக்கிளை மோந்து பார்த்தது. தும்பிக்கையால் தூக்கிக் கீழே போட்டது. முன்காலால் ஒருமுறை உருட்டியது. சக்கரம் வளைகிற சத்தம் கேட்டது. லாவண்யா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது போய்விட்டிருந்தது. கூட்டம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியிருந்தது. ஒன்றன் பின் ஒன்றாகக் கரையேறி, பனிக்குள் கரைந்தன.

ரொம்ப நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ரோட்டுப் பக்கமிருந்து நீளமான விசில் ஒன்று கேட்டது. திம்மராயனின் விசில். எல்லாம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

ருக்மணிதான் முதலில் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். லாவண்யாவுக்கு உடம்பிலிருந்து ஏதோ ஒரு பெரிய பாறையை இறக்கி வைத்தது போல இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். நாராயணம்மா அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மாதேஸ்வரன் போனில் சொல்ல, பூபதி பண்ணையிலிருந்து ஓடி வந்தான். பூ வெட்டுகிற கத்திரி இன்னும் அவன் கையிலேயே இருந்தது. படியேறி வந்து அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"ஒண்ணும் இல்லைல்ல? ஒண்ணும் இல்லைல்ல?" என்று அதையே கேட்டான்.

"இல்ல. சைக்கிள்தான் போச்சு," என்றாள்.

சிறிது நேரத்தில் வண்டித்தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். மாதேஸ்வரனும் திம்மராயனும் உடன் வந்தார்கள். ரோட்டில் நின்றுவிட்ட பையன் பெயர் ராஜ்குமார். அவன்தான் விரட்டிப் போய், கும்பல் திரும்பி வருகிற வழியில் ஏரி வளைவில் அவர்களை மறித்திருக்கிறான். விளக்கையும் பாட்டையும் அணைக்க வைத்து, வாய் திறக்காமல் நிற்க வைத்திருக்கிறான். யானைகள் அங்கேதான் ரோட்டைக் கடந்தன, அவர்களுக்கு இருபதடி முன்னால். குட்டிகள் கடைசியாகக் கடக்கும்வரை ஒருவனும் அசையவில்லையாம். அதன் பிறகு பாதிப் பேர் சத்தமில்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கௌதம் வந்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"இங்க ஆளுங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல," என்றார் மாதேஸ்வரன். அவர் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை. மனைவி உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகு கோபம் கால்வாசியாகக் குறைந்திருந்தது. "நிக்கச் சொன்னா நில்லு தம்பி. அவ்ளோதான் நாங்க கேக்கறது. ரோட்டுல நீ மட்டும் போகல."

நாராயணம்மா விடவில்லை. மாடியிலிருந்தே தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாக ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தார். பால் கேன் விஷயமும் வந்தது. கௌதம் தலைகுனிந்து முழுதும் கேட்டுக்கொண்டான். கடைசியில், "மன்னிச்சிடுங்கம்மா" என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் துப்பவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறுகளில் ராஜ்குமாரோடு வந்தவர்கள் தோப்புக்கு முன்னால் இறங்கித் திம்மராயனிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒற்றை வரிசையில் போனார்கள். கௌதம் சில வாரம் வந்தான், பிறகு வரவில்லை. வேறு ஏதோ கும்பல் ஒன்று பழையபடி கத்திக்கொண்டும் போனது. ஆனால் ஊர் இப்போது எல்லோரையும் ஒரே சொல்லால் திட்டுவதில்லை. டீக்கடையில் யார், எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்து டீ கொடுத்தார்கள். லாவண்யாவின் டயரில் யாரும் காற்றைப் பிடுங்கவில்லை. வளைந்த சக்கரத்துக்குப் பதிலாக மாதேஸ்வரனே ஓசூருக்குப் போய்ப் புதுச் சக்கரம் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றபோது அவளை முறைத்தார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்குக் காலையில், கம்பெனி பஸ் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. லாவண்யா போனை ஆன் செய்து சூப்பர்வைசர் சுஜாதாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், இன்னைக்கு வர முடியல. வழியில யானை."

"யானையா?" எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "லாவண்யா, போன வாரம் ஒருத்தி பாம்புன்னா."

"நெசமா மேடம்."

பக்கத்திலிருந்த நாராயணம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "நிஜம்தாம்மே! நானே பார்த்தேன்! இந்தப் பொண்ணு என்ன சைக்கிள்ல ஏத்தினு வந்து காப்பாத்துச்சு!" என்று காது கிழியக் கத்தினார். மறுமுனையில் சுஜாதா சிரித்தபடி, "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் லாவண்யாவுக்குப் பசி தெரிந்தது. ருக்மணி தூக்குப்போசியைத் திறந்து களியை எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்தாள். கீழே யானை மிதிக்காமல் விட்ட வரிசையிலிருந்து பூபதி நாலு தக்காளி பறித்து வந்தான். மாடியில் வட்டமாக உட்கார்ந்து, யார் எவ்வளவு பயந்தார்கள் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே சாப்பிட்டார்கள்.